குளிர்காலத்தில் ஸ்காட்லாந்து: முதல் முறை போகிறவர்களுக்கு ரயில், ஃபெர்ரி வழிகாட்டி

ஸ்காட்லாந்துக்கு ஜூன், ஜூலையில்தான் போக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். குளிர்காலத்தில் போங்கள் என்றுதான் நான் சொல்வேன். ரயிலில் ஜன்னலோரம் எளிதாகக் கிடைக்கும். மலையுச்சிகளில் பனி இருக்கும். கோடையில் உயரத்தில் மேயும் செம்மான்கள் பள்ளத்தாக்குகளுக்கு இறங்கி வந்திருக்கும், ரயிலில் இருந்தே பார்க்கலாம். உறைந்த சாலையில் கார் ஓட்டிப் பழக்கமில்லாதவர்களுக்கு ரயில்தான் நிம்மதி. ஆனால் கோடைப் பயணத்தைப் போல இதைத் திட்டமிட முடியாது. பகல் வெளிச்சமும் கடைசிப் படகும்தான் இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்யும்.

படி 1: வெளிச்சத்தை முதலில் கணக்குப் போடுங்கள்

டிசம்பர் கடைசியில் கிளாஸ்கோவில் காலை எட்டே முக்கால் வாக்கில்தான் சூரியன் எழும். மாலை மூன்றே முக்காலுக்கெல்லாம் மறைந்துவிடும். மொத்தம் ஏழு மணி நேரப் பகல், வடக்கே போகப் போக அதுவும் குறையும். காட்சிக்காகவே ஏறுகிற ரயில்கள் எல்லாம் காலை ரயில்களாக இருக்கட்டும். முடிந்தவரை மூன்றரை மணிக்குள் தங்கும் ஊரில் இருப்பது போல ஒவ்வொரு நாளையும் பின்னாலிருந்து முன்னாக அமையுங்கள்.

தேதி உங்கள் கையில் இருந்தால் பிப்ரவரி கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்போது பகல் பத்து மணி நேரத்தைத் தாண்டிவிடும், உச்சிகளில் பனியும் மிச்சமிருக்கும். டிசம்பர் 25 அன்று ஸ்காட்ரெயில் ரயில்கள் ஓடாது. ஜனவரி 1 அன்றும் ஏறக்குறைய அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில், படகு, பேருந்து மூன்றுமே குறைவு, அதனால் ஞாயிறன்று ஊர் மாறாதீர்கள்.

படி 2: டிக்கெட்

ஸ்காட்லாந்துக்குள் ஓடும் பெரும்பாலான ரயில்கள் ஸ்காட்ரெயிலுடையவை. 2025 செப்டம்பரில் இருந்து நெரிசல் நேரக் கூடுதல் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், காலை ரயிலுக்காக அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. டிக்கெட்டை அவர்களுடைய செயலியிலேயே வாங்கலாம். மேற்குத் தீவுகளுக்குப் போகும் படகுகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது கால்மேக். காரில்லாமல் நடந்து ஏறுகிறவர்களுக்கான கட்டணம் சொற்பம்தான், கீழே சொல்லும் குறுகிய வழித்தடங்களில் வாரக்கணக்கில் முன்பதிவு செய்யவும் தேவையில்லை. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: கால்மேக்கின் குளிர்கால அட்டவணை அக்டோபர் பிற்பாதியில் தொடங்கி மார்ச் கடைசி வரை நடக்கும். பழைய பயணக் குறிப்புகளில் இருப்பவை பெரும்பாலும் கோடை நேரங்கள், அவற்றை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

படி 3: சின்னப் படகில் தொடங்குங்கள்

கிளாஸ்கோ சென்ட்ரலில் இருந்து வீம்ஸ் பே வரை ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்த ரயில் நிலையத்துக்காகவே போகலாம் என்பேன். 1903இல் கட்டியது. வளைந்து வளைந்து போகும் இரும்புச் சட்டங்களும் கண்ணாடிக் கூரையும் பிளாட்பாரத்தில் இருந்து உங்களை நேரே படகுத்துறைக்கு இறக்கிவிடும், மழையில் நனையவே வேண்டாம். அங்கிருந்து பியூட் தீவின் ராத்ஸே ஊருக்கு 35 நிமிடம். கடல் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா, எத்தனை உடுப்பு போட்டால் மேல்தளத்தில் நிற்க முடிகிறது என்பதெல்லாம் இந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். சாயங்காலம் கிளாஸ்கோவுக்கே திரும்பிவிடலாம்.

படி 4: ஓபனும் மல் தீவும்

கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட் நிலையத்தில் இருந்து மேற்குக் கரைத் துறைமுக ஊரான ஓபனுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். முதல் முறை ஏறுகிறவர்கள் பெட்டியைக் கவனிக்க வேண்டும். ஓபன் பெட்டிகளும் மாலெய்க் (இன்னும் வடக்கே உள்ள துறைமுக ஊர், படி 7இல் வரும்) பெட்டிகளும் பல நேரம் ஒரே ரயிலாகக் கிளம்பி, கிரியன்லாரிக் நிலையத்தில் இரண்டாகப் பிரியும். பிளாட்பாரத்தின் அறிவிப்புப் பலகையைப் பார்த்து, உள்ளே ஒலிபெருக்கியில் சொல்வதையும் கேட்டு, சரியான பாதியில் உட்காருங்கள்.

இடது பக்கம் பிடித்தால் ‘ஆ’ (Awe) என்ற ஏரியும் அதன் கரையில் இடிந்து நிற்கும் கில்கர்ன் கோட்டையும் தெரியும். அதைத் தாண்டியதும் கொஞ்ச நேரம் வலப்பக்கம் பாருங்கள். குருவக்கன் மலைச் சரிவில் தண்டவாளத்தை ஒட்டி வரிசையாகக் கம்பிகள் இழுத்துக் கட்டியிருக்கும். மேலிருந்து பாறை உருண்டு கம்பியை அறுத்தால் அங்குள்ள சிக்னல்கள் தாமாகவே அபாயக் குறிக்கு மாறி ரயிலை நிறுத்திவிடும். 1880களில் வைத்த ஏற்பாடு. காற்றில் கம்பிகள் இசைப்பதால் ‘ஆண்டர்சனின் பியானோ’ என்று பெயர் வாங்கியிருக்கிறது.

ஓபனில் படகுத்துறை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இருந்தாலும் வந்த அன்றே தீவுக்குக் கிளம்பாதீர்கள். ரயில் தாமதமானால் படகு உங்களுக்காக நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அன்று ஓபனிலேயே தூங்கிவிட்டு மறுநாள் காலைப் படகைப் பிடியுங்கள். மல் தீவின் கிரெய்க்நியூர் துறைக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான். லிஸ்மோர் கலங்கரை விளக்கத்தையும் பாறை முனையில் நிற்கும் டூவர்ட் கோட்டையையும் கடந்துதான் படகு போகும், ஆகவே உள்ளே உட்கார்ந்துவிடாதீர்கள். கரை இறங்கியதும் தீவின் முக்கிய ஊரான டோபர்மோரிக்குப் பேருந்து. ஏறும்போதே திரும்பி வரும் பேருந்தின் நேரத்தை ஓட்டுநரிடம் கேட்டு, அது எந்தப் படகோடு சேர்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் ஒன்றைத் தவறவிட்டால் இரவு தீவில்தான்.

படி 5: படகு ரத்தானால்

ரத்தாகும் என்று எடுத்துக்கொண்டே திட்டமிடுங்கள். அட்லாண்டிக் புயல்கள் அடுத்தடுத்து வந்து மோதும் காலம் இது. முந்தின நாள் மாலையிலும் காலையில் எழுந்ததும் கால்மேக்கின் சேவை நிலைப் பக்கத்தைப் பாருங்கள். தடங்கல் வரலாம் என்று எச்சரிக்கை இருந்தால், போவதைவிடத் திரும்புவதுதான் சிக்கலாகும் என்பதை நினைவில் வையுங்கள். காலையில் அமைதியாக இருந்துவிட்டு மாலையில் காற்று ஏறும் என்று முன்னறிவிப்பு சொன்னால் அன்று தீவுக்குப் போக வேண்டாம்.

ஒவ்வொரு தீவுக்கும் ஒரு நாளைச் சும்மா ஒதுக்கி வையுங்கள். விமானம் ஏறும் நாளுக்கு முந்தின நாள் எந்தத் தீவிலும் இருக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

ஓபனில் அப்படி ஒரு நாள் மிஞ்சினால் குன்றின் மேல் வட்டமாக நிற்கும் மெக்கெய்க் கோபுரத்துக்கு ஏறுங்கள். குளிர்காலத்தில் வேலையில்லாமல் இருந்த உள்ளூர்க் கல்தச்சர்களுக்கு வேலை கொடுக்கவும், தன் குடும்பத்துக்கு நினைவுச்சின்னமாகவும் ஒரு வங்கியாளர் 1897இல் கட்டத் தொடங்கியது. 1902இல் அவர் இறந்ததும் பாதியில் நின்றுவிட்டது. அங்கிருந்து துறைமுகமும் தீவுகளும் முழுதாகத் தெரியும்.

படி 6: உடுப்பும் சாப்பாடும்

தடிமனான ஒரே கோட்டைவிட, தெர்மல் உள்ளாடை, கம்பளிச் சட்டை, காற்றும் மழையும் புகாத மேலங்கி என்று அடுக்காகப் போடுவது நல்லது. ரயிலுக்குள் கதகதப்பாக இருக்கும், கழற்ற வேண்டிவரும். அந்தக் காற்றில் குடை நிற்காது. பெட்டி சின்னதாக இருக்கட்டும், உங்கள் கையாலேயே தூக்கிப் படியேற வேண்டிவரும்.

நீண்ட ரயில் பயணங்களில் சாப்பாட்டுத் தள்ளுவண்டி கட்டாயம் வரும் என்று எண்ணாமல் ஃபிளாஸ்கில் டீயும் ரொட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். மல் தீவுப் படகில் சூடான சாப்பாடு கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஸ்காட்லாந்தின் பருப்பு சூப்பைப் பன்றி இறைச்சி வேகவைத்த நீரில் செய்வது வழக்கம். கேட்டுவிட்டே வாங்குங்கள்.

படி 7: மாலெய்க் வரை

கிளாஸ்கோவுக்குத் திரும்பி ஓர் இரவு தங்கி, மறுநாள் முதல் மாலெய்க் ரயிலைப் பிடியுங்கள். ஐந்தரை மணி நேரத்துக்குள் முடியும் பயணம் ஏறக்குறைய முழுவதும் வெளிச்சத்திலேயே அமையும். ஃபோர்ட் வில்லியம் வரையான பாதை 1894இல் திறந்தது. ரன்னக் சதுப்பு நிலத்தில் தண்டவாளத்தைத் தாங்கத் தரையே கிடைக்காமல், மர வேர்களையும் சுள்ளிகளையும் தெப்பம்போலப் பரப்பி, அதன்மேல் மண்ணும் சாம்பலும் கொட்டிப் பாதை போட்டார்கள். அதன் மேல்தான் உங்கள் ரயில் இன்றும் ஓடுகிறது. 400 மீட்டருக்குமேல் உயரத்தில் இருக்கும் கொரவர் நிலையத்துக்குப் பொதுச் சாலையே கிடையாது. அழகாக இருக்கிறதே என்று குளிர்காலத்தில் அங்கே இறங்கிவிடாதீர்கள், அடுத்த ரயில் வர மணிக்கணக்காகும்.

ஃபோர்ட் வில்லியம் வரை இடது பக்கம் உட்காருங்கள். அங்கே ரயில் வந்த திசையிலேயே திரும்பிக் கிளம்பும். அதனால் எதிர்ப்பக்க இருக்கைக்கு மாறினால்தான் மறுபடி இடது பக்கம் கிடைக்கும். 21 வளைவுகள் கொண்ட கிளென்ஃபினன் கான்கிரீட் பாலமும், கீழே நீளும் ஷீல் ஏரியும் அந்தப் பக்கம்தான். கோடையில் அந்தப் பாலத்தின் மேல் ஓடும் ஜேகபைட் நீராவி ரயில் ஜனவரி, பிப்ரவரியில் கிடையாது. சாதாரண ரயிலும் அதே பாலத்தில்தான் போகிறது.

மாலெய்க்கில் இருந்து ஸ்கை தீவின் ஆர்மடேலுக்குப் படகு உண்டு. குளிர்காலத்தில் அதன் நடைகள் குறைவு, அந்தப் பக்கம் பேருந்தும் அப்படியே. முதல் பயணத்தில் இரண்டும் அன்றைக்கே சேர்வதாக அட்டவணையில் தெளிவாக இருந்தால் மட்டும் கடந்து போங்கள். சேரவில்லை என்றால் துறைமுகத்தைச் சுற்றிவிட்டு மாலை ரயிலில் ஃபோர்ட் வில்லியமுக்கு வந்து தூங்குங்கள். மறுநாள் காலை ரயிலில் கிளாஸ்கோ திரும்பும்போது, வரும் வழியில் பார்க்காமல் விட்ட லோமண்ட் ஏரியும் இடது பக்கத்திலேயே வரும்.