117 அத்தியாயங்களும் வாசகர் தவிர்க்க வேண்டிய சில தவறுகளும்

கும்பகோணத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு மாலை, நண்பர் வீட்டுத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் புத்தகம் பேசுகிறோம். மாயக்கதைப் பிரியர்கள் பாதி, பழைய இலக்கியப் பிரியர்கள் பாதி. போன கோடையில் புதிதாகச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவர், முதல் நாளே பையிலிருந்து ஆங்கில ‘மான்டி கிறிஸ்டோ பிரபு’வை எடுத்து வைத்தார். 180 பக்கம். “இரண்டே நாளில் முடித்துவிட்டேன் சார்” என்றார். அதே பெருமையோடு அதே பருமன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பக்க முனையை மடிக்காதே, படுத்துக்கொண்டு படிக்காதே என்பதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முன்னுரையை முதலில் படிப்பது

யார் சாகிறார்கள் என்பதைப் பேராசிரியர் மூன்றாம் பக்கத்திலேயே சொல்லிவிடுவார். கடைசியில் படியுங்கள்.

டோல்கினைத் தலைகீழாகத் தொடங்குவது

ஆங்கில மாயக்கதை எழுத்தாளர் டோல்கினைக் கதை நடக்கும் கால வரிசைப்படி படிக்கிறேன் என்று ‘சில்மரில்லிய’னில் இறங்குகிறவர்கள் பத்துப் பக்கத்தில் கரையேறிவிடுகிறார்கள். டோல்கின் 1973-இல் மறைந்த பிறகு அவர் மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1977-இல் வெளியிட்ட நூல் அது. உலகம் உண்டானதிலிருந்து ஆரம்பித்து, வம்சமும் ஊருமாகத் தலபுராணம் போலப் போகும். கோயிலுக்குள் கால் வைக்காதவனுக்குத் தலபுராணம் எப்படி ருசிக்கும்? 1937-இல் வந்த ‘ஹாபிட்’டில் தொடங்குங்கள்.

சுருக்கத்தைப் புத்தகம் என்று நம்புவது

என் பிரதியைப் பத்தொன்பது வயதில் தஞ்சாவூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். தீவுச் சிறை, அறிவாளிப் பாதிரியார், பிணத்தை மூட்டிய சாக்குக்குள் புகுந்து தப்பிப்பது, புதையல், பழிவாங்கல் எல்லாம் அதில் இருந்தன. அலெக்சாந்தர் டூமா 1844 முதல் 1846 வரை பாரிஸ் நாளிதழ் ஒன்றில் தொடராக எழுதிய அந்த நாவலுக்கு 117 அத்தியாயங்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

பதினைந்து வருடம் கழித்து எங்கள் வாசிப்பு வட்டத்தைத் தொடங்கியபோது அதையே முதல் புத்தகமாக வைத்தேன். ஆளுக்கு இருநூறு ரூபாய் வசூலித்து எட்டுப் பிரதிகள் தருவித்தேன். பக்க எண்ணிக்கையைப் பார்க்காமல் இல்லை. கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று மகிழ்ந்தேன். பாபநாசத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஒரு பெண் மட்டும், பணம் தர வழியில்லாமல், கல்லூரி நூலகத்திலிருந்து செங்கல் போன்ற ஒரு பிரதியை எடுத்துப் படித்திருந்தார்.

கூட்டத்தில் அவர் தயங்கித் தயங்கி, “ரோமாபுரித் திருவிழாப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது” என்றார். நாங்கள் எட்டுப் பேரும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டோம். நடத்துகிறவன் நான் அல்லவா? கனிவாகத்தான் சொன்னேன்: “வேறு எதனோடோ குழப்பிக்கொள்கிறீர்கள் அம்மா. இதில் ரோம் வராது.” இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் புத்தகத்தைத் திறந்து பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடிப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

அதன் பிறகுதான் முழுப் பதிப்பைத் தேடிப் படித்தேன். ரோம் வருகிறது, அதுவும் பல அத்தியாயங்களுக்கு. ஆல்பர் என்கிற இளைஞன் திருவிழாச் சந்தடியில் கொள்ளையரிடம் சிக்குகிறான். பிரபு போய் மீட்கிறார். அந்த நன்றிக்காகத்தான் பாரிஸில் அவன் வீட்டு வாசல் அவருக்குத் திறக்கிறது. ஆல்பரின் தகப்பன்தான் பிரபுவைச் சிறைக்கு அனுப்பியவர்களில் ஒருவன். கொள்ளையர் தலைவனோ பிரபுவுக்குக் கடன்பட்டவன். மீதியை நீங்களே ஊகிக்கலாம். என் புத்தகத்தில் பிரபு ஒருநாள் திடீரென்று அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எப்படி வந்தார் என்று கேட்க எட்டுப் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்று. அந்த வீட்டில் பிரபு எதையும் வாயில் வைப்பதில்லை. வீட்டுக்காரி தன் கையால் பறித்த திராட்சையை நீட்டுகிறாள், மறுத்துவிடுகிறார். உப்பைத் தின்றுவிட்டு எப்படிப் பழிவாங்குவது? நமக்கு யாரும் விளக்கவேண்டாத சங்கதி. அதையும் வெட்டியிருந்தார்கள். போகட்டும், கன்னித்தீவு படித்து வளர்ந்தவனிடமிருந்து, தீவுக் குகையில் பிரபு தன்னைச் சிந்துபாத் என்று சொல்லிக்கொள்ளும் இடத்தையுமா மறைப்பது!

வெட்டு எங்கே வேண்டுமானாலும் விழும். மெல்வில்லின் ‘மோபி டிக்’ 1851-இல் முதலில் லண்டனில் வெளியானபோது முடிவுரை விடுபட்டுப்போனது. கப்பலோடு எல்லோரும் மூழ்கிவிட்டால் கதையை யார் சொல்கிறார் என்று விமரிசகர்கள் ஏளனம் செய்தார்கள். கதைசொல்லி பிழைத்த விதம் அந்த விடுபட்ட பக்கத்தில்தான் இருந்தது. கல்லிவர் விஷயமோ இன்னும் மோசம். சிறுவர் பதிப்புகள் பெரும்பாலும் குள்ளர்களோடும் ராட்சதர்களோடும் நின்றுவிடும். 1726-இல் ஸ்விஃப்ட் எழுதியது நான்கு பயணங்கள். நான்காவதில் குதிரைகள் ஆள்கின்றன. படித்து முடித்தால் மனித முகத்தைப் பார்க்கவே கூசும்.

வாங்குவதற்கு முன் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். சுருக்கம், தழுவல், எளிய வடிவம் என்பதெல்லாம் எறும்பளவு எழுத்தில் அங்கே இருக்கும். அத்தியாயங்களை எண்ணுங்கள்: ‘மோபி டிக்’குக்கு 135, ‘பொன்னியின் செல்வ’னுக்கு ஐந்து பாகம். சுருக்கத்தைப் படிப்பது குற்றமில்லை. அதை வைத்துக்கொண்டு சபையில் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

நாவலைக் கல்வெட்டாக வாசிப்பது

‘பொன்னியின் செல்வன்’ படித்த வேகத்தில் பட்டீஸ்வரத்துக்குச் சைக்கிள் மிதித்துப் போய், குந்தவையின் அரண்மனை எது என்று டீக்கடையில் விசாரித்தவன் நான். பக்கத்து ஊரின் பெயர் சோழன் மாளிகை. ஊர் இருக்கிறது, மாளிகை இல்லை. வந்தியத்தேவன் குந்தவையின் கணவன் என்று கல்வெட்டு சொல்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களில் ரவிதாசன் பெயர் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. நந்தினியைக் கல்வெட்டில் தேடாதீர்கள், அவள் கல்கி படைத்தவள்.

மாயக்கதை வெளியூர்ச் சரக்கு என்று நினைப்பது

தெய்வம் தூக்கிப் பறந்து தீவில் இறக்குகிறது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம், எத்தனை உண்டாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசிநோய், உருமாற்றம், பேசும் தூண்பாவை, கடல் விழுங்கும் நகரம். ‘மணிமேகலை’. அந்த நகரமான பூம்புகார் நமக்கு இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறது. 1898-இல் அதைப் பதிப்பித்தபோது உ.வே.சா. இதே கும்பகோணம் கல்லூரியில்தான் வேலை பார்த்தார்.

இரவல் கொடுப்பது

என் முழு மான்டி கிறிஸ்டோ அந்தக் கல்லூரி மாணவரிடம் இருக்கிறது. நான்கு மாதமாகிறது.