துக்கத்தில் இருப்பவருக்குப் பூ அனுப்புவது எப்படி?

நண்பரின் அப்பா இறந்தபோது பெரிய பூங்கொத்து ஒன்று அனுப்பினேன். வெள்ளை லில்லியும் ரோஜாவும், காகிதம் சுற்றி ரிப்பன் கட்டி, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து நேரில் போனால், அது வாசலோரம் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் நிற்கிறது. சுற்றிய காகிதம்கூடப் பிரிக்கப்படவில்லை. அந்த வீட்டில் பூச்சாடியே கிடையாது. "பூ அனுப்பியிருந்தியேப்பா, வைக்கத்தான் ஒண்ணும் கிடைக்கல" என்று நண்பரின் அம்மா சொன்னார். கணவரைப் பறிகொடுத்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் நிற்கிறார்!

அன்றிலிருந்து பூ அனுப்பும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: இதனால் அவர்களுக்கு வேலை கூடுமா?

1. அனுப்பலாமா என்று கேளுங்கள்

இரங்கல் அறிவிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள். "மலர் வளையம் வேண்டாம்" என்றோ, அதற்குப் பதிலாக நன்கொடை தரும்படியோ சில குடும்பங்கள் கேட்டிருக்கும். சிலர் வழக்கத்தில் துக்கத்துக்குப் பூவே கிடையாது. வீட்டில் யாருக்காவது மகரந்த ஒவ்வாமை இருக்கலாம். சந்தேகம் வந்தால் தூரத்து உறவினரிடமோ நெருங்கிய நண்பரிடமோ கேளுங்கள், துக்கத்தில் இருப்பவரிடம் வேண்டாம்.

2. எங்கே போகிறது என்று முடிவு செய்யுங்கள்

மலர் வளையமும் ஸ்டாண்டில் நிற்கும் அலங்காரமும் இறுதிச் சடங்கு நடக்கும் இடத்துக்கு. வீட்டுக்கு அவற்றை அனுப்பாதீர்கள், வைக்க இடமும் இருக்காது, பார்க்க மனமும் இருக்காது. வீட்டுக்கு என்றால் சாடியோடு வரும் சின்ன அலங்காரம் போதும். "தண்ணீர் ஊற்றி, அப்படியே மேஜையில் வைக்கிற மாதிரி கொடுங்கள்" என்று பூக்கடையில் சொல்லிவிடுங்கள்.

3. பூவைத் தேர்ந்தெடுங்கள்

எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்று பெரிய பட்டியல்களே இருக்கின்றன. அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் எனக்கு முக்கியம். கார்னேஷனும் சாமந்தியும் தண்ணீர் மாற்றினால் 2 வாரம் வரை நிற்கும். ரோஜா ஒரு வாரம் நின்றாலே பெரிது. ஹைட்ரேஞ்சா தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் தலை தொங்கிவிடும், அதைக் கவனிக்கிற நிலையில் அந்த வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

லில்லியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். துக்கத்துக்கென்றே கடைகளில் அதிகம் விற்கிற பூ இது, ஆனால் வீட்டில் பூனை இருந்தால் கூடவே கூடாது. இலை, இதழ், மகரந்தம், சாடித் தண்ணீர் எல்லாமே பூனைக்கு விஷம். மேலே பட்ட மகரந்தத்தை நக்கினாலே போதும், உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் செயலிழந்துவிடும். பூனை இல்லாத வீடு என்றாலும், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆரஞ்சு நிற மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துத் தரச் சொல்லுங்கள். துணியில் பட்டால் அந்தக் கறை லேசில் போகாது. வாசனையும் தூக்கல், மூடிய அறையில் தலைவலி வந்துவிடும்.

நேரில் வாங்குபவர்கள் ரோஜாவை இப்படிச் சோதிக்கலாம்: காம்புக்குச் சற்று மேலே, இதழ்கள் சேரும் இடத்தை இரண்டு விரலால் மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் புதுசு. மெத்தென்று அமுங்கினால் பழசு. பாதி மலர்ந்த மொட்டுகளாகவே கேளுங்கள்.

நிறம்? வெள்ளையில் தவறு நேராது. ஆனால் இறந்தவருக்கு மஞ்சள் பிடிக்கும் என்று தெரிந்தால், யோசிக்காமல் மஞ்சளே அனுப்புங்கள்.

தொட்டிச் செடி நல்ல யோசனை போலத் தோன்றும். செடி வளர்ப்பவர் என்றால் சரி. மற்றவர்கள் வீட்டில் அது பட்டுப்போனால் அதற்கும் சேர்த்து அவர்கள் வருத்தப்பட வேண்டியிருக்கும்.

4. கார்டு எழுதுங்கள்

பூ வாடிய பிறகும் கார்டு இருக்கும், அதனால் பூவைவிட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். முழுப்பெயர் எழுதி, எப்படித் தெரிந்தவர் என்பதையும் சேர்த்துவிடுங்கள். வெறும் பெயரைப் பார்த்து இது யார் என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளக் கூடாது. இறந்தவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஒரு விஷயம் இருந்தால் அதுவே போதும்:

"அப்பா எனக்கு செஸ் சொல்லிக்கொடுத்ததையும், வேண்டுமென்றே தோற்றுக் கொடுத்ததையும் நினைத்துக்கொண்டேன். பதில் எழுத வேண்டாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எப்போதும் சேர்ப்பேன். "வயசாச்சுல்ல", "காலம் எல்லாவற்றையும் ஆற்றும்" போன்றவை வேண்டவே வேண்டாம். "என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்" என்பதுகூட, என்ன கேட்பது என்று யோசிக்கிற வேலையை அவர்கள் தலையில் கட்டுவதுதான்.

5. ஆர்டர் கொடுங்கள்

முடிந்தால் கடைக்குப் போன் செய்து பேசுங்கள். துக்கத்துக்கு என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் பளபளா ரிப்பனும் பலூனும் வராது. கேட்ட பூ இல்லையென்றால் மாற்றுவதற்கு முன் உங்களிடம் கேட்கச் சொல்லுங்கள். விலைச்சீட்டை எடுத்துவிடச் சொல்லவும் மறக்காதீர்கள்.

டெலிவரிக்கு யாருடைய போன் நம்பர் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். துக்கத்தில் இருப்பவருடைய நம்பரைக் கொடுத்தால், "சார், வழி எப்படி?" என்று அவருக்கே போன் போகும். பக்கத்து வீட்டுக்காரர், உறவினர், இல்லையென்றால் உங்கள் நம்பர். சடங்கு நடக்கும் இடத்துக்கு என்றால், தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே போய்ச் சேர வேண்டும், இறந்தவரின் பெயரும் அட்டையில் இருக்க வேண்டும். அதே இடத்தில் இன்னொரு குடும்பமும் இருக்கலாம்.

தாமதமாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். முதல் வாரம் வீடு நிறைய ஆளும் பூவும் இருக்கும், ஒரு மாதம் கழித்து இரண்டுமே இருக்காது. நான் இப்போதெல்லாம் அப்போதுதான் அனுப்புகிறேன்.

6. அனுப்பிய பிறகு

"பூ வந்துச்சா?" என்று அவர்களிடம் கேட்காதீர்கள், கடையில் கேளுங்கள். துக்கம் விசாரிக்க நேரில் போகும்போது சாடியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போங்கள். தண்ணீரை மாற்றி, தண்டின் நுனியை 2 சென்டிமீட்டர் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். பழக்கூடைக்குப் பக்கத்தில் இருந்தால் தள்ளி வையுங்கள், பழுக்கும் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாடவைக்கும். வாடிப்போனவை கிடந்தால், மற்றவர்கள் அனுப்பியதையும் சேர்த்து, கிளம்பும்போது நீங்களே வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள்.