பெங்களூருக்கு வண்டியோடு குடிவருகிறீர்களா? கேட் கேமராவைப் பற்றிக் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி வழியாக டிஎன் நம்பரோடு உள்ளே வருகிற நம் ஆட்கள் எல்லோரும் வாடகை, தண்ணீர், டிராஃபிக் என்று விசாரிக்கிறார்கள், வண்டி நம்பரைப் படிக்கிற கேமராவைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. போக்குவரத்து போலீஸ் 2022 டிசம்பரில் 50 சந்திப்புகளில் தொடங்கிய ஏற்பாட்டில் மட்டும் நம்பர் பிளேட்டைப் படிக்கிற கேமராக்கள் 250. பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஹெல்மெட் போடவில்லை என்றால் யாரும் மறிக்காமலேயே எஸ்எம்எஸ் வந்துவிடும். அதுவும் ஆர்சியில் பதிந்திருக்கிற மொபைலுக்கு. அது என்றோ ஷோரூமில் கொடுத்த அப்பாவின் பழைய நம்பர் என்றால், அபராதம் சேர்ந்துகொண்டே போவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. வந்த வாரமே பரிவஹன் என்கிற மத்திய அரசு வாகனத் தளத்தில் மொபைல் நம்பரை மாற்றிவிடுங்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டுவதாக இருந்தால் ஊர் ஆர்டிஓவிடம் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, கர்நாடகப் பதிவான கேஏ நம்பருக்கு மாறவேண்டும், அது தனி அலைச்சல்.

ரோட்டுக் கேமராவுக்காவது எழுதிவைத்த விதி உண்டு. மோட்டார் வாகன விதி 167ஏ, 2021-இல் வந்தது: கேமரா இருக்கிறது என்று போர்டு வைக்கவேண்டும், தப்பு நடந்து 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பவேண்டும்.

என் கவலை அபார்ட்மெண்ட் கேட் கேமராதான். வைட்ஃபீல்ட், சர்ஜாப்பூர் ரோடு பக்கம் பெரிய வளாகம் எதற்குப் போனாலும் பார்க்கலாம், செக்யூரிட்டி கேபினில் ஒரு திரை ஓடும்: வண்டி நம்பர், பிளாட் நம்பர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கூடவே போட்டோ. கையெழுத்துப் போட எட்டிப்பார்க்கிற டெலிவரிப் பையனுக்குக்கூட அது தெரியும். நான் முன்பு இருந்த ஒரு வளாகத்தில், ராத்திரி ஒன்றரை மணிக்குத் திரும்பிய ஒரு பெண்ணின் காரை அந்தத் திரையிலிருந்து படம் எடுத்து குடியிருப்போர் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இது எந்த பிளாட்?" என்று கேட்டார்கள். அந்தப் பெண் ஷிப்ட் முடிந்து வந்தவர். திருடனைப் பிடிக்க வைத்தது என்றார்கள், கடைசியில் அது குடித்தனக்காரர்களைத்தான் பிடித்தது.

அதனால் வீடு பார்க்கப் போகும்போதே மேனேஜரிடம் கேளுங்கள். பதிவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் யார் பார்க்கலாம், அது கேபினில் இருக்கிற பதிவுப் பெட்டியிலேயே இருக்கிறதா, இல்லை ஏதோ ஆப் கம்பெனியிடம் போகிறதா? "எல்லாம் சேஃப் சார்" என்று பதில் வந்தால் ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். வாடகைக்காரன் பேச்சுக்கு அசோசியேஷனில் மதிப்புக் குறைவு, அது இந்த ஊர் வழக்கம், ஆகவே வீட்டு ஓனரை வைத்து ஒரு மெயில் போடச் சொல்லுங்கள், அதற்குப் பதில் வர வாய்ப்பு அதிகம்.

"பிரைவசியெல்லாம் வெளிநாட்டுக்காரன் பேச்சு" என்று யாராவது ஆரம்பித்தால், 2017-இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னது கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற புட்டசாமி போட்ட வழக்கில்தான் என்று சொல்லுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, தரவு வைத்திருப்பவர்களின் முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அசோசியேஷன்கள் இப்போதே பழகிக்கொள்வது அவர்களுக்குத்தான் நல்லது.

அப்புறம், சேலத்திலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ சொந்தக்காரர்கள் காரில் வந்தால் கேட்டில் போன் நம்பர், போட்டோ, சில இடத்தில் ஆதார்கூடக் கேட்பார்கள். ஆதார் காட்டவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள், வளாகத்தின் கேட் ஆப்பில் நீங்களே அனுமதி போட்டுவிட்டால் சித்தப்பாவைக் கேட்டில் நிற்கவைத்து விசாரிக்கமாட்டார்கள். வீடு காலி செய்யும்போது சாவியோடு, உங்கள் வண்டி நம்பரையும் ஆப்பில் இருக்கும் குடும்ப விவரங்களையும் நீக்கச் சொல்லி மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், டெபாசிட் திரும்பி வருவதற்கு முன்னாலேயே.