வீட்டை விற்குமுன் மூன்று மாதம்: சாட்ஸ்வொர்த்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் சென்று குடியிருந்து பார்க்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர்களுக்கு, இந்தப் புறநகர் வாழ்க்கை நமக்கு ஏற்றதுதானா என்ற கேள்வி என்றாவது ஒருநாள் எழத்தான் செய்யும். இந்த இடத்தை நம் முன்னோர் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் கொண்டு, கேட்டோ மேனர் போன்ற பகுதிகளிலிருந்து அவர்களைப் பெயர்த்து, 1960களில் இங்கே குடியமர்த்தினார்கள். திணிக்கப்பட்ட இடம் என்பதாலேயே அது நமக்குப் பொருந்தாத இடம் என்றும் சொல்லிவிட முடியாது. ஆகவே, வீட்டை விற்பதற்கு முன் வேறோர் ஊரில் மூன்று மாதமாவது வாடகைக்கு இருந்து பார்ப்பது நல்லது. நான் அப்படி இருந்து பார்த்த ஊர் ஜோகன்னஸ்பர்க்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே, அன்றாடம் தோன்றும் மனக்குறைகளை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பிறகு ஒவ்வொன்றின் எதிரிலும், அது ஊரின் குறையா, உங்கள் குறையா என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் எழுதிய 11 குறைகளில் எட்டை ஊரின் தலையில் கட்டியிருந்தேன்.

ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில் உறவினர் வீடு இருக்கிறதே என்று அங்கே தங்கிவிடாதீர்கள். அதுவும் அதே சட்டத்தின் காலத்தில் இந்தியர்களுக்கென ஒதுக்கப்பட்ட புறநகர்தான். சாட்ஸ்வொர்த்தைச் சாட்ஸ்வொர்த்தோடு ஒப்பிட்டு என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்? கடைக்கு நடந்தே போய்வரக்கூடிய பகுதியில் சிறிய இடமாகப் பாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. டர்பனின் ஈரக்காற்றில் பழகிய தோல் அங்கே வெடிக்கும், இரவில் குளிர் உறைநிலையை நெருங்கும். அதைத் தாங்க முடிந்தால் மற்ற மாதங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

வாடகை ஒப்பந்தத்தில் நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். குடியேறுமுன் உரிமையாளரும் வாடகைதாரரும் சேர்ந்தே வீட்டைப் பார்வையிட்டு, இருக்கும் சேதங்களை எழுதிக்கொள்ள வேண்டும் என்று 1999ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டம் சொல்கிறது. டெபாசிட்டை வட்டி தரும் கணக்கில் வைக்க வேண்டும். சேதமோ பாக்கியோ இல்லையென்றால், ஒப்பந்தம் முடிந்த ஏழு நாள்களுக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். அவசரத்தில் பார்வையிடாமலே கையெழுத்திட்டேன். சமையல் மேடையில் முன்பே இருந்த கருகிய வட்டத்துக்கு நான் பணம் கட்ட நேர்ந்தது. இழுப்பறைகளின் உட்புறம் வரை எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குடியேறியபின் சுற்றுலாப் பயணியைப் போல அலையாமல், வேலைக்குப் போய், துணி துவைத்து, சமைத்து வாழ்ந்து பாருங்கள். சாலையோரம் நின்று ஆள்காட்டி விரலை மேலே உயர்த்தினால், நகர மையத்துக்குப் போகும் மினிபஸ் டாக்சி நிற்கும். ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் பின்னாலிருந்து வரும் கட்டணத்தை எண்ணிச் சில்லறை கொடுக்கும் வேலை உங்கள் தலையில் விழும் என்பதால், கணக்கு வராதவர்கள் பின்னால் போய்விடுவது நல்லது. ஊர் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. முதல் வாரம் முழுக்கப் பருப்பு வேகவே இல்லை. பழைய பருப்பை வாங்கிவிட்டேன் என்று கடைக்காரரைக் குறை கூறிக்கொண்டிருந்தேன். "குக்கர்ல வச்சு இன்னும் மூணு விசில் விடு, கண்ணு," என்று அம்மா தொலைபேசியில் சொன்ன பிறகுதான் சாம்பார் தேறியது.

மெல்ரோஸ் முருகன் கோயிலுக்குப் போங்கள். மசாலா தீர்ந்தால் ஃபோர்ட்ஸ்பர்க் இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலையானதும் என்3 நெடுஞ்சாலையில் ஏறி, 570 கிலோமீட்டர் ஓட்டி வீட்டுக்கு வந்துவிடும் பழக்கம் மட்டும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலின் வெறுமையை அந்த ஊரிலேயே இருந்து அனுபவித்தால்தான் உண்மை தெரியும்.

திரும்பி வந்த முதல் வாரத்திலேயே பழைய நோட்டை எடுத்துப் படியுங்கள். ஊரின் குறை என்று நான் எழுதிய எட்டில் ஐந்து, மாலையில் செய்ய ஒன்றுமில்லை என்பது உட்பட, ஜோகன்னஸ்பர்க்குக்கும் என்னோடு வந்து சேர்ந்திருந்தன. மதிலுக்கு மேலே கிண்ணத்தை நீட்டும் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றியோ நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

சாட்ஸ்வொர்த் வீட்டை இடைக்காலத்தில் வாடகைக்கு விடுவதாக இருந்தால், நீங்கள் திரும்பும் நாளிலிருந்து இரண்டு வாரம் தள்ளி அந்த ஒப்பந்தம் முடியும்படி எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாரமும் பெற்றோர் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். வீட்டுத் தரகரை அழைப்பதானால் அதற்குப் பிறகு அழையுங்கள்.