ஹயாட்டல் ஹெர்னியா: கட்டில் காலில் இருந்து தொடங்குங்கள்

எண்டோஸ்கோப்பி அறிக்கையில் ‘ஹயாட்டல் ஹெர்னியா’ என்று பார்த்ததும் பலரும் கஷாயம் தேடுகிறார்கள். மேலே ஏறிய இரைப்பையை எந்தக் கஷாயமும் கீழே இறக்காது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் உணவுக்குழாய் நுழைய ஒரு துளை உண்டு. அது தளர்ந்தால் இரைப்பையின் மேல்பகுதி அதன் வழியாக ஏறிவிடும். அமிலமும் எளிதாக எதுக்களிக்கும். இந்த எதுக்களிப்பைக் குறைக்க வீட்டிலேயே நிறையச் செய்யலாம்.

அதற்கு முன், விழுங்கும்போது அடைப்பது, ரத்த வாந்தி, கருப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைவது, இதில் எது இருந்தாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், அல்லது வியர்த்துக் கொட்டினால், வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸ்.

படி 1: கட்டிலை உயர்த்துங்கள்

ஒரே ஒரு மாற்றம்தான் முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தலைமாட்டுப் பக்கக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 6 அங்குல உயரத்துக்கு உறுதியான மரக்கட்டை வையுங்கள். கட்டில் ஆடாமல் இருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள். தலையணைகளை அடுக்குவது சரிப்படாது. இடுப்பு மடங்கி வயிறு அழுந்தும். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் இடுப்பில் இருந்தே சரிவாக ஏறும் மெத்தைத் திண்டு வாங்கலாம். இடதுபுறம் ஒருக்களித்துப் படுங்கள். அப்போது இரைப்பை உணவுக்குழாயைவிடத் தாழ்வாக இருக்கும்.

படி 2: இரவுச் சாப்பாடு

10 மணிக்குப் படுப்பவர் 7 மணிக்குள் முடித்துவிட வேண்டும். அரை வயிறு போதும். இரவு பரோட்டா, பிரியாணியை விட்டுவிடுங்கள். புளி, தக்காளி, காபி எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்றில்லை. இரண்டு வாரம் சாப்பிட்டதையும் எரிச்சலையும் எழுதி வைத்து, உங்களுக்கு எது ஆகாதோ அதை மட்டும் நிறுத்துங்கள். புகையும் மதுவும் மட்டும் யாருக்கும் வேண்டாம்.

படி 3: வயிற்றில் அழுத்தம்

பாவாடை நாடா, பெல்ட் இரண்டையும் தளர்த்துங்கள். அரிசி மூட்டை தூக்காதீர்கள். மலச்சிக்கலில் முக்குவதும் இதே அழுத்தம்தான்; கீரை, பழம், தண்ணீர் கூட்டுங்கள். தொப்பை குறைந்தால் பெரும்பாலும் எரிச்சலும் குறையும். வெறும் வயிற்றில், வயிறு மட்டும் எழும்பி இறங்கும்படி மெதுவாக 5 நிமிடம் மூச்சு விடுங்கள். கபாலபாதி, சிரசாசனம் தவிர்க்கவும்.

கைவைத்தியம்?

சீரகத் தண்ணீர் பிடித்தால் குடிக்கலாம், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். புதினா இதமாகத் தோன்றினாலும் உணவுக்குழாயின் கீழ்வாயைத் தளர்த்தி, அமிலம் ஏற வழிவிடும். சமையல் சோடாவில் சோடியம் அதிகம்; ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொட வேண்டாம். டாக்டர் கொடுத்த, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்புறம், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால், அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.