பழைய காருக்குப் பிறேக் பெடலும் மாஸ்டர் சிலிண்டரும்: பூட்டும்போது தவிர்க்க வேண்டிய பிழைகள்

மட்டக்களப்பு சமதரை. பாலத்து ஏற்றங்களை விட்டால் இறக்கம் என்று சொல்ல எதுவுமில்லை. அதனால் அரைகுறைப் பிறேக் உள்ள காரும் இங்கே வருஷக்கணக்கில் ஓடிவிடும். அதே காரைச் செங்கலடியால் திருப்பி, மகாஓயா, பிபிலை கடந்து பதுளைக்குப் போகும் லுணுகலை, பசறை மலை வளைவுகளுக்குக் கொண்டுபோனால்தான் பெடலுக்குக் கீழே செய்த வேலையின் தரம் தெரியும். இல்லாவிட்டால் பொழுதுபடும் நேரத்தில் றோட்டுக்குக் குறுக்கே மாட்டுப்பட்டி இறங்கும்போது தெரியும்.

பழைய மொறிஸ் மைனரையோ ஜீப்பையோ எடுத்து, ஜப்பான் எஞ்சின் இறக்கி, அகலச் சில்லுப் போட்டு ஹொட் ரொட்டாக மாற்றுகிறவர்கள் பிறேக்கைக் கடைசிக்கு விடுகிறார்கள். எஞ்சின், சைலன்சர் குழாய், ஸ்டியரிங் எல்லாம் உட்கார்ந்த பிறகு மிஞ்சிய இடுக்குக்குள் பெடலைத் திணிக்கிறார்கள். மற்றப் பிழைகள் பலவும் இதிலிருந்துதான் பிறக்கின்றன. முதலில் சீற்றைப் பூட்டுங்கள். வழக்கமாக ஓட்டும் செருப்போடோ சப்பாத்தோடோ ஏறி இருந்து, கால் எங்கே இயல்பாக விழுகிறதோ அங்கே பெடலுக்கு அடையாளம் போடுங்கள். மற்றவை அதற்கு வழிவிடட்டும்.

அடுத்தது பெடல் விகிதக் கணக்கு. இதில்தான் கூடுதலாகப் பிழைக்கிறது. பெடல் சுழலும் ஊசியிலிருந்து கால் படும் இடம் வரை 12 அங்குலம், அதே ஊசியிலிருந்து புஷ் ரொட் (மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பி; மாஸ்டர்தான் மிதியை ஒயில் அழுத்தமாக்கிச் சில்லுகளுக்கு அனுப்புவது) பூட்டிய இடம் வரை 2 அங்குலம் என்றால் விகிதம் 6. பூஸ்டர் (மிதிக்குப் பலம் சேர்க்கும் துணைக்கருவி) இல்லாத காருக்கு இந்த அளவு வேண்டும். பூஸ்டர் உள்ள காருக்கு 4 அளவில் போதும். பழைய கார்களில் நடப்பது என்னவென்றால், பூஸ்டர் உள்ள ஒரு ஜப்பான் காரிலிருந்து பெடலையும் மாஸ்டரையும் கழற்றி வருகிறார்கள். பூஸ்டருக்கு இடமில்லை என்று அதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

போட்டுப் பாருங்கள். காலால் 30 கிலோ மிதித்தால், விகிதம் 4 என்றால் புஷ் ரொட்டில் 120 கிலோ. மாஸ்டர் ஒரு அங்குலத் துளை என்றால் பைப்பில் கிடைக்கும் அழுத்தம் சுமார் 340 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 340 இறாத்தல்). அதே 30 கிலோவை விகிதம் 6 உள்ள பெடலில், முக்கால் அங்குல மாஸ்டரில் மிதித்தால் சுமார் 900 பி.எஸ்.ஐ. கால் அதே கால், மிதி அதே மிதி. பெரிய மாஸ்டர் போட்டால் பிறேக் பலமாகப் பிடிக்கும் என்ற நம்பிக்கை கராஜ்களில் பரவலாக இருக்கிறது. நடப்பது அதற்கு நேர்மாறு: துளை பெரிதானால் ஒயில் அதிகம் தள்ளப்படும், அழுத்தம் குறையும். பெடல் கல்லுப்போல இருக்கும், கார் நிற்காது. அதற்காகத் துளையை அளவுக்கு மீறிச் சிறிதாக்கவும் கூடாது. சில்லுகளுக்குப் போதிய ஒயில் போகாமல் பெடல் தரையைத் தொட்டுவிடும்.

முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி ஒயில் வழி உள்ள இரட்டை மாஸ்டர் போடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முன் பக்கமோ பின் பக்கமோ ஒன்று போய்விட்டால், மிச்சப் பாதி வேலைசெய்யப் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்க வேண்டும். அப்படி இறங்கும் வழியில் தரைத்தகடு தடுத்தால் இரட்டை மாஸ்டர் போட்டும் பயனில்லை.

சரி, எதில் பூட்டுவது? மெல்லிய தரைத்தகட்டிலோ எஞ்சின் பக்கத் தகட்டிலோ அப்படியே போல்ட் போடக்கூடாது. அவசரத்தில் ஒருவர் 100 கிலோ பலத்தில் மிதித்தால் புஷ் ரொட் மாஸ்டரை 600 கிலோவால் தள்ளும். பெடலையும் மாஸ்டரையும் தாங்கும் பிராக்கெட் காரின் அடிச்சட்டமான செசியோடு சேர வேண்டும், முக்கோண முட்டுக்கொடுத்து வெல்டிங் செய்திருக்க வேண்டும். சோதிப்பது எளிது: ஒருவர் பலமாக மிதிக்க, இன்னொருவர் டோர்ச் அடித்து மாஸ்டரைப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரிய அசைந்தால் அந்த பிராக்கெட்டை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்யுங்கள். புஷ் ரொட்டும் நேராகத் தள்ள வேண்டும். சரிந்து தள்ளினால் பிஸ்டன் ஒரு பக்கம் தேயும்.

பெடலை விட்டிருக்கும்போது புஷ் ரொட்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் ஒன்றரை மி.மீ. அளவு இடைவெளி இருக்கட்டும். "பெடல் உடனே பிடிக்கட்டும்" என்று இறுக்கி வைத்தால், ஒயில் தாங்கிக்குத் திரும்பும் சின்னத் துவாரம் அடைபட்டுவிடும். ஓடச் சூடாகும், சூட்டில் ஒயில் விரியும், வெளியேற வழி இல்லாமல் பிறேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். அப்படி இறுகிய காரில் மாஸ்டரின் இரண்டு நட்டையும் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். சில்லு விடுபட்டால் குற்றம் புஷ் ரொட்டின் நீளத்தில்தான்.

மொறிஸ் மைனரில் மாஸ்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கும். அந்த இடத்திலேயே வைத்து முன்னுக்கு டிஸ்க் மாற்றினால், ஒயில் மட்டம் டிஸ்க்கைப் பிடிக்கும் கலிப்பரை விடத் தாழ்ந்து ஒயில் பின்னோக்கி வடியலாம். அதைத் தடுக்க, பைப்பில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு போடுவார்கள்: டிஸ்க் வழியில் 2 பி.எஸ்.ஐ. வால்வும், டிரம் வழியில் 10 பி.எஸ்.ஐ. வால்வும் போடுவது வழக்கம். டிரம்முக்கென்று செய்த பழைய மாஸ்டர்கள் பலவற்றில் டிரம் வால்வு உள்ளேயே இருக்கும். அதைக் கழற்றாமல் டிஸ்க்குக்குக் கொடுத்தால் பாட் உரசிக்கொண்டே ஓடும். சைலன்சர் குழாய் மாஸ்டருக்குப் பக்கத்தில் போனால் நடுவில் ஒரு தகடு மறைப்பு வேண்டும்.

பைப் நட்டில் ஒரு பொல்லாத பொறி இருக்கிறது. பழைய இங்கிலாந்துக் காரின் 3/8 அங்குல நட்டு, ஜப்பான் மாஸ்டரின் 10 மி.மீ. துளைக்குள் விரலாலேயே நுழையும், சில சுற்று இறங்கும், இறுகுவதுபோலவும் காட்டும். ஆனால் மரையில் முழுப்பிடி இல்லை. பலமாக மிதிக்கும் நாளில் மரை உருவிக்கொண்டு வரும். இரண்டையும் கலக்காதீர்கள். லேத்தில் சரியான நட்டுச் செய்வித்து, பைப் நுனியையும் அந்தத் துளைக்கு ஏற்றபடி விரியுங்கள்.

பிறேக் ஒயில் டொட் 3 அல்லது டொட் 4 தரத்தில் இருக்கட்டும். இரண்டும் ஈரத்தை உறிஞ்சும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் நமக்கு, மூடி திறந்து மாதக்கணக்கில் கிடந்த போத்தல் உதவாது. எஞ்சின் ஒயில் ஒரு சொட்டும் கலக்கக்கூடாது, றப்பர் ஊதிவிடும்.

பிறேக் பைப்புகளிலிருந்து காற்றெடுத்து முடிந்ததும் பெடலைப் பலமாக மிதித்து ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. எல்லா மூட்டும் காய்ந்திருந்தால் மாஸ்டருக்குள்ளே றப்பர் போய்விட்டது. இறங்காமல் நின்றால் வெறும் றோட்டில் 20, பிறகு 40 கிலோமீற்றர் வேகத்தில் நிறுத்திப் பாருங்கள். திரும்பி வந்து ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைக் கடதாசியால் ஒற்றுங்கள். ஈரம் தெரிந்தால் பதுளைப் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.