பழைய பாம் கைக்கணினி: பேட்டரியைக் கழற்றும் முன் இதைப் படியுங்கள்

தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்தில் என் பையைச் சோதித்த காவலர், உள்ளே இருந்த கறுஞ்சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார். "பாம்" என்றேன். அடுத்த இருபது நிமிடங்கள் எப்படிப் போயின என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இந்தக் கருவியை வெளியே எடுத்துச் செல்கிறவர்கள், யார் கேட்டாலும் பழைய கால்குலேட்டர் என்று சொல்லிவிடுங்கள்.

அது என் மாமனாருடைய பாம் த்ரீ எக்ஸ்ஈ. 2000ஆம் ஆண்டு வெளிவந்த மாதிரி. 16 மெகாஹெர்ட்ஸ் மோட்டரோலா டிராகன்பால் செயலி, 8 எம்பி நினைவகம், 160க்கு 160 புள்ளிகள் கொண்ட சாம்பல் திரை, இரண்டு ட்ரிபிள் ஏ செல்கள். மாமா துறைமுகப் பக்கம் சரக்குக் கணக்கு எழுதும் வேலையில் இருந்தவர். சிங்கப்பூரிலிருந்து அவர் தம்பி இதைக் கொண்டுவந்து கொடுத்த நாளிலிருந்து வீட்டு மொய்க் கணக்கு முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. இதில் தமிழ் எழுத்து கிடையாது என்பதால், காசிமேட்டுப் பெரியம்மா உட்பட எல்லோரும் ஆங்கில எழுத்தில் இருக்கிறார்கள். செல்போனுக்கு மாற்றித் தருகிறேன் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். செல்போன் என்றால் பேரப்பிள்ளைகள் எடுத்து நோண்டுவார்கள், இதை யாரும் தொடமாட்டார்கள் என்று மறுத்துவிட்டார். அவர் சொல்வது உண்மைதான். எங்கள் வீட்டில் அந்த எழுத்தாணியைப் பிடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே.

கீழே சொல்வது பாம் த்ரீ வரிசைக்கும், சிறு மாற்றங்களோடு எம்100, எம்105 மாதிரிகளுக்கும் பொருந்தும். பாம் ஃபைவ் வேறு கதை. அதில் லித்தியம் பேட்டரி உள்ளேயே இருக்கிறது, உடலைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

செல்லைத் தொடாதீர்கள்

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் எல்லோரும் செய்யும் முதல் வேலை, பழைய செல்லைப் பிடுங்கிவிட்டுப் புதியதைப் போடுவது. நானும் அப்படித்தான் செய்தேன். இந்தக் கருவியில் இயங்குதளம் மட்டுமே ரோம் சிப்பில் இருக்கிறது. நீங்கள் எழுதிய ஒவ்வொரு எழுத்தும் மின்சாரம் இருக்கும்வரை மட்டும் நிற்கிற ராம் நினைவகத்தில் இருக்கிறது. அணைத்து வைத்திருந்தாலும் அது துளித்துளியாகச் செல்லைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். செல் மாற்றும் இடைவெளியைத் தாக்குப்பிடிக்க உள்ளே ஒரு கெப்பாசிட்டர் உண்டு. புதிதாக இருந்தபோது அது ஒரு நிமிடம்வரை தாங்கும். இருபத்தைந்து வயதான கெப்பாசிட்டரிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.

நான் பழைய செல்களைக் கழற்றிய நேரத்தில் வாசலில் தண்ணீர் கேன்காரர் மணி அடித்தார். திரும்பி வந்து புதிய செல்களைப் போட்டபோது கருவி அழகாக எழுந்தது. தன்னை முதன்முறையாகப் பெட்டியிலிருந்து எடுத்தவரை வரவேற்பதுபோல வரவேற்றது. மொய்க் கணக்கு போய்விட்டது. மாமா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. பிறகு அத்தை உட்கார்ந்து இரண்டு மாலைகளில் ஏறக்குறைய முழுக் கணக்கையும் வாயாலேயே சொன்னார், வெற்றுக் கவர் வைத்துவிட்டுப் போனவர் பெயர் உட்பட. எல்லோர் வீட்டிலும் இப்படி ஓர் அத்தை இருக்கமாட்டார். அதனால் இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

தேவையானவை: இரண்டு செல் போடும் ஒரு பிளாஸ்டிக் ஹோல்டர், இரண்டு மெல்லிய ஒயர், ஒரு மல்டிமீட்டர். எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும். மல்டிமீட்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஹோல்டரில் இரண்டு புதிய அல்கலைன் செல்களைப் போடுங்கள். முனைகளில் 3 வோல்ட் அல்லது சற்று மேலே காட்ட வேண்டும். இப்போது கருவியின் பின்மூடியைத் திறந்து, செல்களைக் கழற்றாமலேயே மீட்டரின் முனைகளால் உலோகத் தகடுகளைத் தொட்டுப் பாருங்கள். இங்கேதான் இரண்டாவது முறையும் எனக்குச் சறுக்கியது. இரண்டு செல்களும் தொடராக இணைந்திருக்கின்றன. ஒரு பக்கத்துத் தகடு இரண்டையும் இணைக்கும் பாலம் மட்டுமே. அதில் ஒயரை வைத்தால் 1.5 வோல்ட்தான் கிடைக்கும், நினைவகம் போய்விடும். எந்த இரண்டு முனைகளுக்கு நடுவே ஏறக்குறைய முழு வோல்ட்டும் காட்டுகிறதோ அவைதான் உங்களுக்கு வேண்டியவை. செல் தீரும் நிலையில் இருந்தால் 2.2, 2.3 என்று காட்டும், பரவாயில்லை. எது நேர், எது எதிர் என்பதை ஸ்கெட்ச் பேனாவால் பிளாஸ்டிக்கில் குறித்துவிடுங்கள்.

முதலைவாய் கிளிப் அந்தக் குழிக்குள் நுழையாது. ஒயரின் முனையை உரித்து, முறுக்கி, தகட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே செருகி, ஒரு துண்டு டேப் ஒட்டினால் போதும். சிலர் நேரடியாகச் சால்டரிங் வைக்கிறார்கள். பிளாஸ்டிக் உருகிவிடும், வேண்டாம். கருவியை அணைத்துவிட்டு, நேர்முனைக்கு நேர், எதிர்முனைக்கு எதிர் என்று இணைத்தவுடன் பழைய செல்களை எடுத்துவிடுங்கள். பழையதும் புதியதும் இணைந்தே நீண்ட நேரம் இருக்கக் கூடாது. புதியது பழையதற்குள் மின்சாரத்தைத் தள்ளப் பார்க்கும். புதிய செல்களைக் குழிக்குள் போட்ட பிறகு ஒயரை உருவிவிடலாம்.

ட்ரிபிள் ஏ அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் செல்களும் விற்பனைக்கு வருகின்றன. அளவு ஒன்றுதானே என்று இரண்டைப் போட்டால் 7.4 வோல்ட். அதன் பிறகு இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவைப்படாது.

கேபிள்: கணக்கை வெளியே எடுத்து வையுங்கள்

செல் புதியதாக இருக்கும்போதே முழுப் பிரதி எடுத்துவிடுங்கள். செல் முனையில் பச்சை பூத்திருந்தாலும், திரை கோணலாக இருந்தாலும், பழுது பார்ப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கருவியை நிறுத்திக் கணினியோடு இணைக்கும் தாங்கியைத் தொட்டில் என்பார்கள். கருவியோடு வந்த தொட்டிலின் மறுமுனை ஒன்பது முள் சீரியல் போர்ட். இன்றைய மடிக்கணினியில் அது இல்லை. யூஎஸ்பி மாற்றி வேண்டும். பர்மா பஜாரில் மலிவாக ஒன்று வாங்கினேன். விண்டோஸ் அதை அடையாளம் கண்டது, மஞ்சள் முக்கோணத்தைக் காட்டியது, அதோடு நின்றது. உள்ளே இருந்தது போலிச் சிப். சிப்பை வடிவமைத்த நிறுவனத்தின் புதிய டிரைவர் போலிகளைக் கண்டால் வேலை செய்ய மறுக்கும். அதே மாற்றி லினக்ஸில் ஓரளவு ஓடியது. கடைசியில் எஃப்டிடிஐ என்ற வேறொரு நிறுவனத்தின் சிப் உள்ள ஒன்றை வாங்கினேன். விலை மூன்று மடங்கு, தலைவலி இல்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

மாற்றியைக் குறைசொல்லும் முன் அதைச் சோதிக்க ஓர் எளிய வழி: ஒன்பது முள்ளில் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரு சிறு ஒயரால் இணைத்துவிட்டு, சீரியல் போர்ட்டுக்கு எழுத்தை அனுப்பி, வருவதைத் திரையில் காட்டும் ஏதாவது ஒரு டெர்மினல் மென்பொருளில் தட்டச்சு செய்யுங்கள். தட்டியது திரும்பி வந்தால் மாற்றியின் அனுப்பும் வழியும் பெறும் வழியும் சரி.

லினக்ஸில் பைலட்-லிங்க் என்ற பழைய கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. உங்கள் பதிப்பில் ஆயத்தமாகக் கிடைக்காவிட்டால் மூல நிரலை எடுத்துத் தொகுத்துக்கொள்ளுங்கள். போர்ட்டைத் தொட உங்கள் பயனருக்கு அனுமதி கொடுக்க மறக்காதீர்கள். அதிலுள்ள பைலட்-எக்ஸ்ஃபர் கட்டளையிடம் போர்ட்டின் பெயரையும் ஒரு காலிக் கோப்புறையையும் கொடுத்து, பிரதி எடுக்கச் சொல்லிவிட்டு, தொட்டிலில் இருக்கும் ஹாட்சிங்க் பொத்தானை அழுத்துங்கள். கருவியும் கணினியும் தகவலைப் பரிமாறிக்கொள்வதற்குப் பாம் வைத்த பெயர்தான் ஹாட்சிங்க்.

இணைகிறது என்று காட்டி, உடனே அறுந்துபோகிறதா? எனக்கு ஒரு வாரம் அப்படித்தான் போனது. ஹாட்சிங்க் முதலில் 9600 வேகத்தில் பேசத் தொடங்கி, பிறகு இரு பக்கமும் ஒத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டும். அனுப்புவதற்கும் பெறுவதற்கும் அப்பால், "நிறுத்து, அனுப்பு" என்று சைகை காட்டும் இரண்டு கம்பிகள் சில மலிவு மாற்றிகளில் இணைக்கப்பட்டிருப்பதே இல்லை. மெதுவாகப் பேசும்வரை சமாளிக்கும், வேகம் கூடியதும் திணறும். கருவியின் அமைப்புகளில் இணைப்பு வேகத்தை 9600க்கே இறக்கிப் பாருங்கள். ஒரு எம்பிக்கு இருபது நிமிடம்போல ஆகும். மொய்க் கணக்கு ஒரு எம்பிகூட இல்லை. ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் முடிந்திருக்கும்.

எந்தச் செல்?

டிவி ரிமோட்டோடு இலவசமாக வரும் மலிவுச் செல்களை இதில் போடாதீர்கள். ஒழுகும். நான் பயன்படுத்துவது, சும்மா இருக்கும்போது சார்ஜ் இழக்காத வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள். ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான் என்பதால், பாதி தீர்ந்துவிட்டது என்று கருவி தவறாக நினைத்துக்கொண்டு எச்சரிக்கை காட்டும். இதைத் திருத்த ஒரு மறைவான வழி இருக்கிறது. குறிப்பேட்டைத் திறந்து, எழுதும் பகுதியில் ஷார்ட்கட் குறியைப் போடுங்கள்: இடது கீழிருந்து மேலே போய், சுழித்து, வலது கீழே இறங்கும் ஒரே கோடு. பிறகு இரண்டு முறை தட்டினால் புள்ளி. பிறகு எண் பகுதியில் 7. ஒவ்வொரு முறை செய்யும்போதும் அல்கலைன், நிக்கல் காட்மியம், ரீசார்ஜ் செய்யும் அல்கலைன் என்று மாறிக்கொண்டே வரும். நிக்கல் காட்மியத்தில் நிறுத்துங்கள். நம் செல்லின் போக்கு அதற்குத்தான் நெருக்கம்.

கை தவறி வேறு எண் விழக் கூடாது. 1, 2 இரண்டும் நிரலாளர்களுக்கானவை. சீரியல் போர்ட்டைத் திறந்தே வைத்துச் செல்லைத் தீர்த்துவிடும். 3 போட்டால் கருவி தானாக அணையாது. இந்த மூன்றில் எதில் மாட்டினாலும் பின்புற ஓட்டையில் ரீசெட் செய்தால் சரியாகும். 5 பயனர் பெயரை அழித்துவிடும், அடுத்த ஹாட்சிங்க் உங்களைப் புது ஆளாக நினைக்கும். ரீசெட்டுக்குக் குண்டூசி தேடாதீர்கள். பாம் த்ரீயோடு வந்த எழுத்தாணியின் தலையைத் திருகிக் கழற்றினால் அதற்கான ஊசி உள்ளேயே இருக்கிறது. ஆன் பொத்தானை அழுத்திக்கொண்டே ரீசெட் செய்தால் மட்டும் எல்லாம் அழியும்.

பச்சை பூத்த முனைகள்

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ஜன்னல் கம்பிக்கு ஆண்டுதோறும் பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒழுகியது அல்கலைன் செல் என்றால் அந்தக் கசிவு காரத்தன்மை கொண்டது. பஞ்சுக் குச்சியில் சிறிது வினிகர் தொட்டுத் துடையுங்கள். மலிவு கார்பன் செல் என்றால் அது அமிலம். அதற்கு வினிகர் உதவாது, சமையல் சோடாக் கரைசல் வேண்டும். நான் இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு தகட்டை மேலும் கெடுத்தேன். கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். உப்புத்தாள் போடவே கூடாது. முலாம் போய்விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் துரு ஏறிவிடும். கருவியை மாமா இப்போது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டிபன் டப்பாவில் வைத்திருக்கிறார்.

தொடுதிரை ஓர் இடத்தில் தட்டினால் வேறோர் இடத்தில் கேட்கிறது என்றால், முதலில் அமைப்புகளில் திரை சரிபார்ப்பை ஓட்டுங்கள். சரியாகவில்லை என்றால் திரைக்கும் சட்டத்துக்கும் இடையே அழுக்கு சேர்ந்து ஓரத்தை அழுத்திக்கொண்டிருக்கலாம். பழைய விசிட்டிங் கார்டின் ஓரத்தை அந்த இடுக்கில் நான்கு பக்கமும் மெதுவாக இழுங்கள். எங்கள் கருவியிலிருந்து வந்தது விபூதி.

இணையத்தில் இணைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும். சீரியல் கேபிள் வழியாகவே பிபிபி என்ற பழைய முறையில் கணினி மூலம் இணைய இணைப்புக் கொடுக்கலாம். ஆனால் இன்றைய இணையதளங்களின் மறையாக்கம் இதற்குப் புரியாது. பெரும்பாலான பக்கங்கள் திறக்காது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதில் வீணாக்கினேன்.

பிற்சேர்க்கை: எம்100 வைத்திருக்கும் மணலி வாசகர் ஒருவர், ஒயர் இல்லாமல் பத்தே விநாடியில் மாற்றியும் எல்லாம் அழிந்துவிட்டதாக எழுதியிருந்தார். அந்த மாதிரியின் கெப்பாசிட்டர் பற்றிப் புகார் பழையது. எம்100 என்றால் ஒயர் இல்லாமல் செல்லைத் தொடவே தொடாதீர்கள்.

இன்னொன்று: இதன் நாட்காட்டி 2031ஆம் ஆண்டோடு முடிந்துவிடும். அதற்கு மேல் தேதி போட முடியாது. மாமாவிடம் சொன்னேன், அதுவரை யார் வீட்டுக்கு மொய் பாக்கி என்று பார்க்கச் சொன்னார். மாதம் ஒருமுறை செல்லை மாற்றவும் பிரதி எடுக்கவும் கருவியிலேயே அலாரம் வைத்திருக்கிறோம். செல் தீர்ந்தால் அலாரமும் அடிக்காது என்பதால், சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டரில் அத்தையும் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்.